மஞ்சள் பந்தயம்

மாடிப்படியிலேயே விஜயராணி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

கண்புரை எடுத்தபின் கண்ணாடி இல்லாமல் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னது இன்றைக்குத்தான்.

சுவர் வெள்ளையாக இருந்தது. கொடியில் காய்ந்த வேட்டியும் வெள்ளை. இத்தனை நாளாக இரண்டும் அவளுக்குப் பழுப்பாகத்தான் தெரிந்தன. சரி, அதில் கணவர் சொன்னதுதான் உண்மை, ஒத்துக்கொண்டாள்.

மாடியில் கணவர் குமரவேலும் மகள் மகாலட்சுமியும் காத்திருந்தார்கள். குருவிநத்தத்தில் விளக்கு வைக்கும் நேரம்.

வடக்கே கரும்புக் கொல்லைக்கு மேலே அந்த நட்சத்திரம் ஏறியிருந்தது.

மஞ்சள். பொங்கல் பானையில் கட்டுகிற கிழங்கின் மஞ்சள். அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கார்த்திகையில் தொடங்கிய சண்டை இது. அவள் மஞ்சள் என்பாள், அவர் வெள்ளை என்பார். டிராக்டர் ஓட்டுகிற மனிதர், பேச்சில் மட்டும் ரிவர்ஸ் கியரே கிடையாது. அவள் எதை மஞ்சள் என்றாலும் ஒரே பதில்தான்: காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். டாக்டர் புரை என்று சொன்னதும் அவருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

அதனால்தான் பந்தயம். அவள் ஜெயித்தால், கூப்பிடும் இடத்துக்கு அவர் மறுபேச்சில்லாமல் வர வேண்டும். தோற்றால், இனி மஞ்சள் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

மகாலட்சுமி போனை வானத்துக்குக் காட்டி, அதில் வந்ததைப் படித்தாள். மஞ்சள் நட்சத்திரம்தானாம். வயதாகி, உள்ளே எரிவது தீர்ந்து, ஊதிப் பெருத்துப்போனதாம்.

குமரவேல் வீங்கிய காலை நீட்டிக்கொண்டு சிரித்தார். தோற்றாலும் அவருக்குத் தாராள மனசு.

"ஜெயிச்சிட்டடி. எந்தக் கோயிலுக்குப் போவணும், மேல்மலையனூருக்கா? வண்டி சொல்றேன்."

விஜயராணி மகளிடமிருந்து போனை வாங்கி டார்ச்சைப் போட்டாள். அவர் மோவாயை நிமிர்த்தி, கட்டைவிரலால் கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.

அங்கேயும் மஞ்சள். கார்த்திகையிலிருந்து அவள் சொல்லிவந்த அதே மஞ்சள்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்யா, காலையில மொத பஸ்ல. இனிமே என் கண்ணு மேல பழி போடாத."