மகள் வருவதற்கு முந்தைய கேள்விகள்

எங்கள் குடும்பத்தில் யாரும் தயாராகாமல் வாய் திறப்பதில்லை. எந்தக் காரியத்துக்கும் முன்னால், ஆளுக்கொன்றாகக் காதில் மாட்டியிருக்கும் கருவி எங்களிடம் கேட்கும்: என்ன நடக்க வேண்டும்? எங்கே தவறலாம்? தேர்ந்தவர் எப்படிச் செய்வார்? பதில் சொன்ன பிறகே பேச்சு.

எங்களை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு போன மகள் பூங்கோதை, பல வருடம் கழித்து நேற்று வந்தாள். கண் கலங்கினால் கௌரவம் போய்விடும் என்று முந்தின நாளே கருவியோடு ஒத்திகை பார்த்திருந்தேன். அவளும் ஒத்திகை பார்த்தே வந்திருந்தாள்.

"நல்லா இருக்கியா கண்ணு?"

"இருக்கறனுங்கப்பா. உங்க மேல எனக்குக் கோவமில்லீங்க."

"எனக்குந்தான் இல்ல."

ஒரு சொல் பிசகவில்லை. காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

கேட்டைத் திறந்தவள் சட்டென்று திரும்பினாள். கருவியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"ஏனுங்கப்பா, அந்தக் கொய்யா மரம் இன்னும் காய்க்குதுங்களா?"

இதற்கு நான் தயாராகியிருக்கவில்லை. 'என்ன நடக்க வேண்டும்?' என்று என் கருவி கேட்டது. அவள் போகக் கூடாது. அதுதான் பதில், எனக்குத் தெரியும். ஆனால் விட்டுப் போனவளை இருக்கச் சொல்ல, ஒரு கருவியிடம்கூட எனக்கு வாய் வரவில்லை. நிமிர்ந்தே நின்றேன்.

பூங்கோதை என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"செரிங்கப்பா, நீங்க யோசிச்சே சொல்லுங்க."

சிரித்துவிட்டு, கருவியைத் திரும்பவும் காதில் மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள்.

காய்க்கிறது என்று சொல்லியிருந்தால் போதும். கிளை ஒடியுமளவுக்குக் காய்த்திருக்கிறது.