கறுப்புத் தோல்துண்டு

பக்கத்து வீட்டு நெரெய்தாவின் தேனீப் பெட்டிகளுக்கு முன்னால் தீயணைப்பு வண்டி சோப்புத் தண்ணீரோடு நின்றது. ஒரு வார்த்தை வந்தால் போதும், மாமரத்தடியில் ஒரு தேனீ மிஞ்சாது.

வண்டியை வரவழைத்தது என் வீட்டுக்காரர் ஒவிதியோ. எங்களிடமும் தேனீ உண்டு. ஆனால் பொன்னிறம், இத்தாலிய ராணித்தேனீயின் வம்சம். அதைச் சொல்லாமல் அவர் ஒரு காப்பி குடித்ததில்லை.

"பள்ளிக்கூடத்துப் பக்கத்துல ஆப்பிரிக்கப் பூச்சிய வச்சிருக்கு அந்தம்மா. புள்ளைங்கள கொன்னுடும்!" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆப்பிரிக்கத் தேனீ என்றால் புவேர்ட்டோ ரிக்கோவில் நாங்கள் பாதிரியாரையே தள்ளிவிட்டு ஓடுவோம்.

நெரெய்தா பேயறைந்தவள் போல நின்றாள். அந்தத் தேன்தான் அவளுக்குச் சோறு.

பல்கலைக்கழகத்திலிருந்து யாரிமார் வந்தாள். போன மாதம் இரண்டு தோட்டத்திலும் தேனீக்களைப் பிடித்துப்போய் மரபணுவைச் சோதித்த பெண். முடிவைக் கேட்கத்தான் ஊரே கூடியிருந்தது.

அவளோ வாயைத் திறக்கவில்லை. ஒரு குச்சியில் கறுப்புத் தோல்துண்டைக் கட்டி, நெரெய்தாவின் பெட்டி வாசலில் ஆட்டினாள். கோபக்காரத் தேனீ என்றால் அதைச் சும்மா விடாது.

கை வலிக்க ஆட்டினாள். ஒன்றுகூடக் கொட்டவில்லை. ஒரு தேனீ மட்டும் துண்டில் உட்கார்ந்து, காலைத் துடைத்துக்கொண்டு போனது.

அடுத்து எங்கள் பெட்டி. நீட்டியதுதான் தாமதம், துண்டு முழுக்கக் கொடுக்கு. மிச்சம் ஒவிதியோவின் உதட்டுக்கு. ஒரு செருப்பை விட்டுவிட்டு அவர் ஓடிய ஓட்டத்தில் எனக்கே சிரிப்பு தாங்கவில்லை.

"அட, ஆப்பிரிக்கா இங்கதானே இருக்கு!" என்று தீயணைப்புத் தலைவர் எங்கள் பக்கம் குழாயைத் திருப்பினார். யாரிமார் குறுக்கே பாய்ந்து, பெட்டிகளை மலைமேல் கொண்டுபோய் வைத்தால் போதும் என்றாள். வண்டி போனது. கூட்டமும் கலைந்தது.

நான் செருப்பைத் தேடி வேலியோரம் குனிந்திருந்தேன்.

"அப்போ என்னோடது ஆப்பிரிக்கா இல்லதானே, கண்ணு?" வேலிக்கு அந்தப் பக்கம் நெரெய்தா யாரிமாரிடம் கேட்டாள்.

"உங்களோடதுதான்க்கா ஆப்பிரிக்கா. இங்க வந்து கலந்து, சாதுவாயிடுச்சு. அவரோடது சுத்த இத்தாலி. இதைச் சொல்லியிருந்தா யாராவது கேட்டிருப்பாங்களா?"

நெரெய்தா அவள் வாயைப் பொத்தினாள். "மெதுவாச் சொல்லு. அதுங்க காதுல விழுந்துடப் போகுது."

கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் சொன்னது சரியாக இருந்தது இந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்குப் போய் அவர் உதட்டுக்கு ஐஸ் வைத்தேன். வேலியோரம் காதில் விழுந்ததை மட்டும் சொல்லவில்லை.