புதுக் கத்தியின் பிசிறு

"புதுக் கத்திக்கா. நேத்துத்தான் வாங்குனேன். ஒரு தக்காளியைக்கூட அறுக்க மாட்டேங்குது."

கோரிப்பாளையம் சந்திப்பில், மருந்துக்கடை ஓரமாகச் சாணைச் சக்கரம் போட்டிருக்கும் பாக்கியம், வந்தவர் நீட்டிய மடக்குக் கத்தியை வாங்கி விரித்துப் பார்த்தாள். முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. பளபளப்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வாய் நெடுகப் பிசிறு. நடுவில் பல் விழுந்த மாதிரி ஒரு பள்ளம். முனை மொண்ணை.

"கடையிலயே மாத்திக் கேக்க வேண்டியதுதானே தம்பி?"

"கேட்டேன்க்கா. விரிச்சுப் பாத்த கத்தியைத் திரும்ப வாங்க மாட்டானாம்."

"நல்லா இருக்கே நியாயம்! விரிக்காம எப்படிக் குறையைப் பாக்கிறதாம்? எதுக்குத் தம்பி கத்தி?"

"ஆஸ்பத்திரியில நம்ம ஆளு ஒருத்தர் கெடக்காரு. ஆப்பிள், ஆரஞ்சுன்னு வெட்டிக் குடுக்கத்தான்."

பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி. பழம் வெட்டக் கத்தி தீட்ட வருகிறவர்கள் பாக்கியத்துக்குப் புதிதல்ல. மற்ற நாளாயிருந்தால் யாருக்கு என்ன நோவு என்று விசாரித்து, கூடவே நாலு ஆறுதல் வார்த்தையும் சொல்லியிருப்பாள். இன்றைக்கு அவளுக்கு அடுத்தவருக்காக இரக்கப்பட மனசில் இடமில்லை.

"நான் போயி ஒரு டீ குடிச்சிட்டு வாரேன். முனை மட்டும் நல்லாக் கூரா இருக்கணும்க்கா" என்று சொல்லிவிட்டு அவர் எதிர்க்கடைக்குப் போனார்.

ஆப்பிள் கொட்டையை நோண்டவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சக்கரத்தை மிதிக்க ஆரம்பித்தாள். போன் அடித்தது. வக்கீல் வெங்கட்ரமணன்.

"பாக்கியம்மா, ஸ்டேஷன்ல இருந்துதான் பேசுறேன். மெர்வினைப் பாத்துட்டேன்."

"எம்மவன் சாப்பிட்டானாய்யா? அடிச்சாங்களா?"

"அதெல்லாம் அப்புறம்மா. சாயங்காலம் கோர்ட்டுல நிறுத்துறாங்க. நேத்துச் சண்டையில அந்தப் பையனைக் குத்துனது மெர்வின்தான்னு கேஸ் எழுதிட்டாங்க."

"சண்டையை விலக்கிவிடப் போனவன்யா அவன்! குத்துனவன் ஓடிட்டான். நின்ன பாவத்துக்கு இவனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"நான் நம்புறேம்மா. கோர்ட்டு நம்பணுமே? நமக்கு இருக்கிறது ஒரே ஒரு பிடிதான். குத்துன கத்தி இன்னும் கிடைக்கல. அதைச் சொல்லித்தான் ஜாமீன் கேக்கப்போறேன்."

"கிடைக்காதுய்யா. குத்தாதவன்கிட்ட எங்கிட்டிருந்து கத்தி கிடைக்கும்?"

"அந்தத் தைரியத்துலதான் நானும் இருக்கேன். அதுவும் போச்சுன்னா வருசக்கணக்குல உள்ள கெடக்க வேண்டியதுதான். மனசைத் தயார் பண்ணிக்கிடுங்க."

போனை வைத்தாள். மனசை எப்படித் தயார் பண்ணுவது? மெர்வினுக்கு இருபது வயது. கணவன் போனபின் இந்தச் சக்கரத்தை மிதித்து மிதித்துத்தான் அவனைப் படிக்க வைத்தாள். ஓசூரில் வேலை கிடைத்து, பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. எல்லாம் ஒரே சாயங்காலத்தில் நாசமாய்ப் போனது. விடிய விடிய ஏசப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்தாள். "ஏசப்பா" என்பதற்குமேல் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

எடுத்த வேலையை முடிக்கத்தானே வேண்டும்? கத்தியைச் சக்கரத்தில் வைத்தாள். பிசிறு போனது. பள்ளம் நிரவியது. முனையைத் தீட்டும்போதுதான் நினைப்பு ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. கத்தி வழுக்கி, பிளேடின் குறுக்கே சர்ரென்று நீளமாய்க் கீறல் விழுந்தது.

அவர் திரும்பி வந்தபோது பாக்கியத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"மன்னிச்சிருங்க தம்பி. புதுக் கத்தியைப் பாழாக்கிட்டேன். இங்க பாருங்க, எம்புட்டு நீளக் கீறல்!"

திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவரோ கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா? அந்தப் பளபளப்புதான்க்கா எனக்கும் பிடிக்கல. இன்னும் ரெண்டு கீறல் வேணும்னாலும் போட்டுக் குடுங்க."

"கேலி பண்ணாதீங்க தம்பி."

"நெசமாத்தான்க்கா."

புதுச் சாமானில் ஊசிமுனைக் கீறல் விழுந்தாலே ஊரைக் கூட்டுகிற காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் சொன்னபடியே பிளேடை லேசாகக் கல்லில் தேய்த்து மங்கலாக்கிக் கொடுத்தாள்.

கீழே கிடந்த அட்டைப்பெட்டியில் அவர் முனையை வைத்து அழுத்தினார். மறுபக்கம் வந்தது. திருப்தியாகத் தலையாட்டினார்.

"கண்ணெல்லாம் செவந்திருக்கேக்கா, என்னாச்சு?"

"பொறி தெறிச்சிருச்சு தம்பி."

மகன் ஸ்டேஷனில் இருப்பதை எந்தத் தாய் ரோட்டில் போகிறவரிடம் சொல்வாள்? ஆனால் விசாரித்தாரே, அதுவே அவளுக்குப் பெரிதாகப் பட்டது.

"உங்க ஆளு சீக்கிரம் எந்திரிச்சு உக்காரட்டும் தம்பி. நான் ஏசப்பாகிட்ட கேட்டுக்கிடுறேன்."

"எந்த ஆளு?... ஓ, ஆமாக்கா. கேட்டுக்கிடுங்க."

அவர் கத்தியைக் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்து, அதிலேயே சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

பாக்கியம் கண்ணை மூடினாள். நேற்றிலிருந்து வராத ஜெபம் இப்போது தடையில்லாமல் வந்தது. முதலில் அந்த முகம் தெரியாத நோயாளிக்காகவும், பழம் வெட்டிக் கொடுக்கப் போகிற இந்த நல்ல மனிதருக்காகவும், அப்புறம் தன் மகனுக்காகவும் உருகி வேண்டிக்கொண்டாள்.

சாலைக்கு அந்தப் பக்கம், பைக்கில் ஏறி உட்கார்ந்தவர் போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசினார்.

"சார், மெர்வினோட கத்தி ரெடி. வைகைக்குள்ள எந்த எடத்துல போட்டு எடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க."