மூன்றாவது படம்

லினக்ஸில் பல கேமராக்களின் படங்களை மாற்றி மாற்றி நேரலையில் அனுப்பும் வீடியோ மிக்சிங் மென்பொருளை, மூல நிரலிலிருந்து நானே கம்பைல் செய்தேன். பிழைகளோடு மல்லுக்கட்டி, ஒருவழியாக நிறுவி முடித்ததும்தான் போன உயிர் திரும்பி வந்தது. கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தான், மகளின் முதல் நடனத்தைப் பார்த்தாக வேண்டும்.

நான் இணைத்தது இரண்டு கேமராக்கள். திரையிலோ மூன்று படங்கள் ஓடின. மூன்றாவது, அத்தானுக்கென்று அக்கா கைப்பையை வைத்து இடம்பிடித்திருந்த முன்வரிசைக் காலி நாற்காலியிலிருந்து பார்ப்பதுபோல் தெரிந்தது.

"எதையாவது நோண்டிக் கெடுத்துடாதே," என்றாள் அக்கா.

நான் நோண்டவில்லை. பாதி ஆட்டத்தில் இரண்டு கேமராக்களும் அணைந்தபோது அந்தப் படத்துக்கே மாற்றினேன். நேரலை தப்பியது. கைதட்டல் எழுந்ததும் படமும் மெல்ல எழுந்து நின்றது.

அத்தான் போனில் அழைத்தார்.

"அப்பாடா, கண்குளிரப் பாத்தேன் மாப்ள. கைப்பையை நாற்காலிக்கு அடியில வச்சிருக்கேன், உங்கக்காவை எடுத்துக்கச் சொல்லு."