ஆள் நடமாட்டம்

"நான் எப்போ எழுந்திரிக்கிறேன், எப்போ நடக்கிறேன்னு இந்தப் பெட்டிக்கு எதுக்கும்மா தெரியணும்?"

கணக்காளர் ரவுட்டரை இன்டர்நெட் கம்பெனியின் கவுண்டர் மேல் வைத்தார். வைத்த வேகத்தில் அதன் இரண்டு ஆன்டெனாக்களும் ஆடின. லிஃப்ட் பழுது. மூன்று மாடி ஏறி வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கவுண்டர் பெண் தினம் இப்படி நாலு பேரைப் பார்ப்பவள். நிதானமாக விளக்கினாள். இது புது மாடல். இன்டர்நெட் கொடுப்பதோடு, வீட்டுக்குள் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று தன் அலைகளை வைத்தே கண்டுபிடித்துவிடும். ஆளில்லாத நேரத்தில் திருடன் நுழைந்தால் போனுக்குத் தகவல் வரும். வேண்டாம் என்றால் அதை மட்டும் அணைத்து வைக்கலாம்.

"அணைச்சா நிஜமாவே அணையும்னு யார் சொல்றது? நீங்கதானே?"

"ஆமா சார்."

"அதனாலதான் நம்ப மாட்டேங்கிறேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கணக்காளர் ரவுட்டரோடு வந்த விளக்கத் தாளைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். எறும்பு ஊர்ந்தது மாதிரி பொடி எழுத்து. அதில் ஒரு வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார். சேகரிக்கும் தகவல்களை மூன்றாம் தரப்புடன் பகிரலாமாம்.

"யாரும்மா இந்த மூன்றாம் தரப்பு? நாளைக்கு என் ஆபீஸ் கேட்டா, என் ஆபீசுக்கும் கொடுப்பீங்களா?"

அதெல்லாம் மேலிடத்துக்குத்தான் தெரியும் என்றாள் அவள். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. மனைவி.

பெட்டியைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகத்தான் அவள் சொல்லியிருந்தாள். யார் பெயரில் இணைப்போ அவர்தான் நேரில் வரவேண்டும் என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"என்னங்க, பெட்டியைக் கொடுத்துட்டு வாயைத் திறக்காம வந்து சேருங்க. உங்க மனு இன்னைக்குத்தான் மேனேஜர் டேபிளுக்குப் போகுது."

அவளுடைய கவலை அவளுக்கு. கணக்காளரைக் கண்காணாத ஒரு கிளைக்கு மாற்றியிருந்தார்கள். போனால் அவள் தன் டீச்சர் வேலையை விடவேண்டும், அல்லது குடும்பம் இரண்டு வீடாக வேண்டும். மாற்றலை ரத்து செய்யக் கேட்டு அவர் கொடுத்த மனுவில் மேனேஜரின் ஒரு கையெழுத்து விழுந்தால் தப்பித்தார்கள்.

"அந்த மனுவுக்காகத்தான்டி வந்திருக்கேன்" என்று பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

அப்போதே ரவுட்டரைத் தள்ளிவிட்டுக் கிளம்பியிருப்பார். ஆனால் பின்னால் நின்ற தையல்கார அம்மாள், சார் கேட்பது நியாயம்தானே என்று ஆரம்பித்தாள். தன் வீட்டிலும் இதே பெட்டிதான், அதுவும் படுக்கையறையில் என்றாள். வரிசை மொத்தமும் சலசலத்தது.

"சார், பின்னாடி கேக்கலை. கொஞ்சம் சத்தமா பேசுங்க."

இத்தனை வருஷ சர்வீசில் யாரும் அவரைச் சத்தமாகப் பேசச் சொன்னதில்லை. கணக்காளருக்குள் ஏதோ பொங்கியது. சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒரே எட்டில் மேலே ஏறினார்.

"வீட்டுக் கதவைச் சாத்தினதுக்கு அப்புறம் நான் படுத்திருப்பேன், ஓடுவேன், தலைகீழாத் தொங்குவேன். அது என் பாடு. என்னை எட்டிப் பார்க்க இவங்க யாரு?"

கைதட்டல் கிளம்பியது. வரிசையில் நின்ற கல்லூரிப் பெண், வீடியோ எடுக்கலாமா அங்கிள் என்று கேட்டாள்.

"தாராளமா எடும்மா. முகம் தெளிவா விழட்டும். நாலு பேருக்குத் தெரியணும்."

மேற்கொண்டு பேச்சு வளர்க்காமல் கவுண்டர் பெண் ரவுட்டரை வாங்கிக்கொண்டு ரசீதை நீட்டினாள். யாரோ முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். கணக்காளர் சீட்டியடித்தபடி இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். பெட்டி ஒழிந்தது. இனி வீட்டுக்குள் நடப்பது வீட்டோடு.

கடைசிப் படியில் போன் அடித்தது. மேனேஜர்.

உங்கள் மனுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மேனேஜர் சாவகாசமாக ஆரம்பித்தார். அதில் எழுதியிருப்பது உண்மைதானா என்று ஆபீசில் சிலருக்குச் சந்தேகமாம். உங்கள் இன்டர்நெட் கம்பெனியைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று ஒருவர் யோசனை சொல்ல, கேட்டும் பார்த்தாராம். வாடிக்கையாளரின் சொந்த விஷயம், யாருக்கும் தரமாட்டோம் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார்களாம்.

கணக்காளர் மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"சரி, போனாப் போகுதுன்னு கையெழுத்துப் போட பேனாவைத் திறந்தேன். அப்பத்தான் ஆபீஸ் குரூப்புக்கு ஒரு வீடியோ வந்தது. பிரமாதமாப் பேசினீங்க."

"சார், அது வந்து..."

"முதுகுத்தண்டு நகர்ந்து ஆறு வாரமா படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே முடியலைன்னு மனுவில எழுதியிருந்தீங்களே, ஸ்டூல்ல ஏறி நின்னதைப் பார்த்ததும்தான் எனக்கு நிம்மதி. திங்கட்கிழமையே கிளம்பிடுங்க. புது ஆபீஸ் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. உங்களுக்கு அது ஒண்ணும் கஷ்டமா இருக்காது."