நான், நாங்க, நாம

“இன்னொரு தடவை சொல்லு வாலு. அன்னிக்கு வண்டியில யாரு போனா?”

மகள் உதடுகளைச் சேர்த்தாள், பிரித்தாள், மறுபடி சேர்த்தாள். சொல் தொண்டை வரை வந்து திணறுவது கழுத்து நரம்பில் தெரிந்தது.

“நா... நாம. நாம போனோம்.”

“போச்சு! மறுபடியும் அதே பள்ளத்துல விட்டுட்டா வண்டிய!” என்று மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவர் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். அவரிடம் கற்றவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டிலும் அவர் மாஸ்டர்தான். எதையும் பிரித்துக் காட்டி விளக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளை ஒட்டவைத்து, ஒன்றைச் சுழற்றினால் மற்றதும் கூடவே சுழல்வதைக் காட்டி, கிளட்ச் வேலை செய்யும் விதத்தைச் சமையலறையிலேயே நடத்திவிடுவார்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் மகளுக்கு மூளையின் இடப்பக்கம் அடிபட்டிருந்தது. சொற்கள் உள்ளேதான் இருக்கின்றன, எடுத்துவரும் பாதைதான் உடைந்திருக்கிறது என்றார் டாக்டர். அந்தப் பாதையில் முதலில் ‘தண்ணி’ வந்தது. அப்புறம் ‘வேணாம்’. ‘அம்மா’ அதற்கும் பிறகுதான்.

“கார்லயே சொல்றேன், கேளு” என்று மாஸ்டர் சோப்பு டப்பாவை மேசை மேல் வைத்தார். “இதுதான் கார். நான் மட்டும் போனா, ‘நான் போறேன்’. நானும் உங்கம்மாவும் போறோம், நீ ரோட்ல நின்னு கேக்குறே. அப்போ ‘நாங்க போறோம்’. நீயும் ஏறி உக்காந்துட்டியா? ‘நாம போறோம்’. கேக்குறவங்களுக்கும் சீட்டு இருந்தா நாம. இல்லேன்னா நாங்க. அவ்ளோதான் விஷயம்!”

மகள் தலையாட்டினாள்.

“அன்னிக்கு நீ தனியா போனே. அப்போ என்ன சொல்லணும்?”

“நாம.”

இந்தமுறை சட்டென்று வந்தது. கூடவே அழுகையும். இப்போதெல்லாம் திருத்தினாலே அழுகிறாள்.

பள்ளிப் பாவாடையின் ஓரத்தைப் பிரித்து நீளமாக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். “அத ஏங்க விடாம கேக்குறீங்க? வேற கேள்வியே கிடைக்கலியா?”

“நாளைக்கு தெரபிஸ்ட் இதைத்தானே கேப்பாங்க! நடந்தத ஒழுங்கா சொன்னாத்தான் ஸ்கூலுக்குப் போகலாம்னு எழுதித் தருவாங்க. இல்லேன்னா இன்னொரு வருஷம் வீட்லதான்.”

இன்னொரு வருஷம் என்றதும் அம்மாவின் வாய் கட்டுமீறியது.

“கேக்காம சாவிய எடுத்துட்டு ஓடினப்போ எல்லாம் நல்லாத்தானே வேலை செஞ்சுது! ஊருக்கே ஹெல்மெட் பாடம் நடத்துறவர் பொண்ணு, வெறும் தலையோட... ஏண்டி, ஏண்டி போனே?”

மகள் தலையை வேகவேகமாக இடமும் வலமும் ஆட்டினாள். வாய் திறந்தது. காற்று மட்டும் வந்தது.

“குழந்தைய திட்டாதே. சாவிய கண்ணுல படுற மாதிரி வச்சது நான்தான்” என்றார் மாஸ்டர்.

தெருமுனையில் கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர். அவள் மேல் கிடந்த வண்டியை இழுத்ததில் கிழிந்த உள்ளங்கையில் தழும்பு இன்னும் இருந்தது. அதை நினைத்து அம்மா மறுபடி பாவாடையைப் பிரிக்கக் குனிந்தாள்.

மறுநாள் தெரபிஸ்டின் அறை. அந்தப் பெண்மணி மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நீயும் அம்மாவும் சாப்பிட்டீங்க. அதை எங்கிட்ட சொல்லு.”

“நாங்க... சாப்பிட்டோம்.”

“அதையே அம்மாகிட்ட சொல்லு.”

“நாம சாப்பிட்டோம்.”

“நீ தனியா தூங்குனே.”

“நான் தூங்குனேன்.”

அம்மா மாஸ்டரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “பாத்தீங்களா, பாத்தீங்களா!”

தெரபிஸ்ட் இன்னும் பல கேட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியாகத் தணிந்த குரலில் கேட்டார்: “அன்னிக்கு வண்டியில யாரும்மா போனா?”

மகள் அவரையே பார்த்தாள். “நாங்க போனோம்.”

“இது ஒண்ணு மட்டும்தான் மேடம் வரல” என்று மாஸ்டர் முந்திக்கொண்டார். “தனியாத்தான் போனா. ‘நான்’னு வரணும். நானும் தினம் சொல்லித்தரேன், எங்கிட்ட ‘நாம’ன்னே சொல்றா.”

“உங்ககிட்ட ‘நாம’ன்னா சொல்றா?”

“ஆமா மேடம்.”

தெரபிஸ்ட் ஒரு நொடி பேனாவை உருட்டினார். பிறகு, “அம்மா, நீங்க கேளுங்க” என்றார்.

அம்மா இதுவரை இந்தக் கேள்வியை மகளிடம் பதிலுக்காகக் கேட்டதே இல்லை. மகளின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். “அன்னிக்கு வண்டியில யாருடி போனா?”

“நாங்க போனோம்மா.”

“இப்போ அப்பாகிட்ட சொல்லு” என்றார் தெரபிஸ்ட்.

“வேணாம் மேடம், குழந்தை களைச்சுப் போயிட்டா. ‘நான்’னு அடுத்த வாரத்துக்குள்ள வந்துடும்...” என்றார் மாஸ்டர்.

மகள் திரும்பினாள். இந்தமுறை உதடு தடுமாறவில்லை.

“நாம போனோம்ப்பா.”

“தப்பே இல்லியே சார்” என்றார் தெரபிஸ்ட். “மூணுமே சரி.”

தடவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அவள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

“வண்டிய ஓட்டினது யாருங்க?”