மீசைக்குள் ஒரு குழி

வயிற்றில் இருக்கும்போதே மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எஸ்தரின் முறை வந்தது. "நான்தான் குடிச்சேன்," என்றாள் தரையைப் பார்த்தபடி. ஒருத்தி தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

முந்திரி ஆலையில் குந்தியிருந்து இடுப்பு விட்டுப்போன அந்தக் கர்ப்ப மாதங்களில், "மருந்துதான், கண்ண மூடிட்டுக் குடி" என்று பிராந்தியில் வெந்நீர் கலந்து கொடுத்த கணவன் லூர்து பக்கத்திலேயே இருந்தான். அவன் மடியில் மகள் ஜெனி. தன் மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே தடவினாள், வழவழவென்றிருந்தது; வயிற்றில் மது பட்ட பிள்ளைகளுக்கு அங்கே பெரும்பாலும் குழி விழாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவின் மீசைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஒனக்கு இங்க குழி இருக்குப்பா. எனக்கு ஏன் இல்ல?"

எல்லோரும் லூர்துவைப் பார்த்தார்கள். உதட்டை அழுத்தியிருந்த அவள் விரலை விலக்கினால்தான் பேச முடியும். அவன் அதைப் பிடித்து அங்கேயே வைத்துக்கொண்டான்.